அப்பா ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்துவிடுகிறார்

வாசகி கேட்டது:

என் அப்பாவுக்கு வயது 71. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்த்தவர். அம்மாவோடு 46 வருஷம் வாழ்ந்தார். போன ஆண்டு அம்மா தவறிய பிறகு, அவரைத் தனியே விட மனமில்லாமல் சென்னைக்கு எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். ஐந்தாவது மாடி. அப்பாவுக்கென்று தனி அறை, நல்ல மெத்தை, ஏசி எல்லாம் செய்து கொடுத்திருக்கிறோம். எட்டு மணிக்குப் படுக்கிறார். ஒன்றரை மணி வாக்கில் எழுந்துவிடுகிறார். அடுப்படியில் காபி போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பால்கனிக் கதவைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார். சில நாள் நாலு மணிக்கு மேல் மறுபடி கண்ணயர்கிறார், சில நாள் அதுவும் இல்லை. கதவுச் சத்தத்தில் என் கணவருக்குத் தூக்கம் கெடுகிறது. அவர் ஆறரைக்கெல்லாம் வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஆனால் மதியம் பார்த்தால், டிவி ஓடிக்கொண்டிருக்கும், குக்கர் விசில் அடிக்கும், லீவு நாளென்றால் என் ஒன்பது வயது மகனும் கத்திக்கொண்டிருப்பான். அப்பா ஹாலில் தரையில் துண்டை விரித்து ஒரு மணி நேரம் அசந்து தூங்குவார். தூக்க மாத்திரை வாங்கிக் கொடுங்கள் என்கிறார்கள் தெரிந்தவர்கள். கொடுக்கலாமா? இது மறதி நோயின் ஆரம்பமா? நாங்கள் என்ன குறை வைத்தோம் என்றே புரியவில்லை.

மருத்துவர் பதில்:

நீங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. அந்த வருத்தத்தை முதலில் இறக்கி வையுங்கள். அப்பா நன்றாகத் தூங்கக்கூடியவர் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே ஆதாரம் இருக்கிறது. டிவி, குக்கர், பேரன் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே வெறுந்தரையில் அசந்து தூங்குகிறார். கதவைச் சாத்திய குளிர்ந்த அறையில், மெத்தையில், ஒருவரும் இல்லாத அமைதியில் அவருக்கு விழிப்புத் தட்டுகிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, அவருடைய தூக்கம் கெட்டுப்போகவில்லை, தூங்குவதற்கு அவர் பழகிய இடமும் துணையும் போய்விட்டன என்பதுதான்.

மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். அல்ப்ரஸோலம், குளோனசெபாம், டயசெபாம் போன்றவற்றைத் தெரிந்தவர் பேச்சைக் கேட்டு வாங்கிக் கொடுக்கவே கூடாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பீர்ஸ் பட்டியலில் இந்த வகை மாத்திரைகள் இருக்கின்றன. காரணம் எளிது. மாத்திரை மயக்கத்தோடு நடுராத்திரி பாத்ரூம் போகிற பெரியவர் விழுவார். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அதற்கப்புறம் வாழ்க்கையே வேறு மாதிரி ஆகிவிடும். மாத்திரையால் குழப்பமும் மறதியும் வரும்; அதைப் பார்த்து மறதி நோய் என்று நீங்கள் இன்னும் பயப்படுவீர்கள். தூக்கம் வரட்டும் என்று சளி, அலர்ஜி மாத்திரை கொடுக்கும் பழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. அதுவும் வயதானவர்களைக் குழப்பத்தில் தள்ளும். ஒருவேளை அப்பா ஏற்கெனவே ஏதாவது தூக்க மாத்திரை தினமும் எடுத்துக்கொண்டிருந்தால், சட்டென்று நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மறதி நோயா என்ற பயத்துக்கு உங்கள் அப்பாவே பதில் சொல்லியிருக்கிறார். ஒன்றரை மணிக்கு எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, காபி போட்டு, குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறவர் தான் எங்கே இருக்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்தவர். எழுந்ததும் எந்த ஊர் என்று தெரியாமல் திகைப்பது, வயலுக்குப் போக வேண்டும் என்று வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்புவது, வீட்டுக்குள்ளேயே வழி தவறுவது, இப்படி ஏதாவது இருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஆனால் ஒரு முறை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா, சிறுநீருக்காகத்தான் எழுகிறாரா, ராத்திரி கால் குடைச்சல் உண்டா, தூக்கத்தில் கத்திக் கை காலை வீசுகிறாரா என்று கவனியுங்கள். சர்க்கரை, ப்ராஸ்டேட், பிரஷருக்குச் சாயங்காலம் போடும் நீர் மாத்திரை, இவையெல்லாம் ராத்திரியில் எழுப்பிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதிகாலைக்கு முன்பே விழிப்பு வருவது மனச்சோர்வின் அடையாளமாகவும் இருக்கலாம். அம்மா போய் ஒரு வருஷம்தான் ஆகிறது. சாப்பாடு குறைந்திருக்கிறதா, பேரனோடு பேசும்போது முகம் மலர்கிறதா, காலை நேரத்தில் மட்டும் மனம் மிகக் கனக்கிறதா, இனி இருந்து என்ன என்று பேசுகிறாரா? இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சரி, இவை எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கணக்கைப் பாருங்கள். எட்டு மணிக்குப் படுத்து ஒன்றரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம். மதியம் ஒரு மணி. சில நாள் விடிகாலையில் இன்னொரு மணி. ஆறரையிலிருந்து ஏழரை மணி நேரம் வருகிறது. இந்த வயதுக்கு ஏழிலிருந்து எட்டு மணி நேரம் வேண்டும் என்பதுதான் பொதுவான பரிந்துரை. பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை. வயதாக ஆக உடம்பின் கடிகாரம் முன்னால் நகரும். சீக்கிரம் தூக்கம் வரும், சீக்கிரம் விழிப்பு வரும், ஆழ்ந்த தூக்கம் குறையும். எட்டு மணிக்கே படுத்தவரை விடியும் வரை படுக்கையிலேயே இருக்கச் சொல்வது அவருடைய உடம்பிடம் பத்து மணி நேரம் கேட்பதாகும். அது தராது.

ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்து, ஆறு மணி வரை ஒரே மூச்சில், மூடிய அறையில், மெத்தையில், சத்தமே இல்லாமல் தூங்குவதுதான் சரியான தூக்கம் என்று நாம் எல்லோரும் நம்பப் பழகியிருக்கிறோம். மனிதர்கள் தூங்கிய விதத்தின் வரலாற்றைப் படித்தால் இந்த நம்பிக்கை ஆட்டம் காணும். அமெரிக்க வரலாற்றாய்வாளர் ரோஜர் ஏகிர்ச் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், தொழிற்புரட்சிக்கு முந்தைய ஐரோப்பாவின் நாட்குறிப்புகள், நீதிமன்ற வாக்குமூலங்கள், மருத்துவக் குறிப்புகள் முதலியவற்றைத் தேடி, அங்கே மக்கள் 'முதல் தூக்கம்', 'இரண்டாம் தூக்கம்' என்று இரண்டு தவணையாகத் தூங்கியதைக் காட்டினார். நடுவில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ விழித்திருந்து ஜபம் செய்தார்கள், அடுப்பைப் பார்த்தார்கள், பக்கத்தில் படுத்திருந்தவரோடு பேசினார்கள். யாரும் அதை வியாதி என்று நினைக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க மனநல ஆய்வாளர் தாமஸ் வேர், சில இளைஞர்களைத் தினமும் 14 மணி நேரம் இருட்டில் இருக்க வைத்தார். நான்கு வாரத்தில் அவர்களுடைய தூக்கமும் இரண்டாகப் பிரிந்தது.

அதற்காக, இரண்டு தவணைதான் இயற்கை என்றும் சொல்லிவிட முடியாது. 2015-இல் ஜெரோம் சீகல் குழுவினர் தான்சானியாவின் ஹட்சா மக்கள், நமீபியாவின் சான் மக்கள், பொலிவியாவின் சிமானே மக்கள் ஆகியோரின் தூக்கத்தைக் கருவி கட்டி அளந்தார்கள். மின்விளக்கு இல்லாத அந்த ஊர்களிலும் பெரும்பாலும் ஒரே தவணைத் தூக்கம்தான், அதுவும் 5.7 முதல் 7.1 மணி நேரம் வரைதான். சூரியன் மறைந்ததும் படுக்கவும் இல்லை. சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் கண்ணயர்ந்தார்கள். எப்படித் தூங்குவது என்பதை ஊரும் வேலையும் பருவமும் கூட இருக்கிறவர்களும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள் என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

ஹட்சா மக்களைப் பற்றி இன்னொரு ஆய்வு இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. 2017-இல் டேவிட் சாம்சன் என்ற மானுடவியலாளரின் குழு, ஒரே இடத்தில் வாழ்ந்த 33 பெரியவர்களின் தூக்கத்தை 20 நாள் பதிவு செய்தது. அந்த இருபது ராத்திரிகளையும் சேர்த்துப் பார்த்தால், 33 பேரும் ஒரே சமயத்தில் தூங்கிய நேரம் மொத்தமே 18 நிமிடம். மற்ற நேரமெல்லாம் யாராவது ஒருவர் விழித்திருந்தார், அல்லது லேசான உறக்கத்தில் இருந்தார். யாரும் முறை போட்டுக் காவல் காக்கவில்லை. இளையவர்கள் தாமதமாகத் தூங்கித் தாமதமாக எழுந்தார்கள், வயதானவர்கள் சீக்கிரம் தூங்கிச் சீக்கிரம் எழுந்தார்கள். வயது வித்தியாசமே கூட்டத்துக்குக் காவலாகிவிட்டது. தாத்தா பாட்டிகளின் தூக்கம் லேசாக இருப்பது, கூட்டமாகத் தூங்கிய மனித இனத்துக்கு உதவியாக இருந்திருக்கலாம் என்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள். இது ஒரு கருதுகோள்தான். ஆனாலும் எனக்கு இதை நம்ப ஆசையாக இருக்கிறது. ஏனென்றால் நான் அதைப் பார்த்து வளர்ந்தவன்.

சித்திரை, வைகாசியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மொட்டை மாடிதான். பொழுது சாய்ந்ததும் தரை சூடு தணியக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவோம். பாய்களை வரிசையாக விரித்து, பிள்ளைகள் எல்லோரும் நடுவில், பாட்டி படிக்கட்டுப் பக்கம் ஓரத்தில். எத்தனை மணிக்கு எழுந்தாலும், கால் பாயை விட்டு இறங்கும் முன்பே, "யாருடா அது, ஒண்ணுக்கா? பாத்துப் போ" என்று பாட்டி குரல் வரும். பாட்டி எப்போதுதான் தூங்குவாள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. அந்தக் குரல் இருந்ததால் எங்களுக்கு இருட்டு பயம் இல்லை. பாட்டிக்குத் தூக்கமின்மை நோய் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் வீட்டில் ஒருவருக்கும் புரிந்திருக்காது.

உங்கள் அப்பாவின் ராத்திரிகளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பம்புசெட் வைத்திருந்தவர் என்றால் த்ரீ ஃபேஸ் கரண்ட் எந்த நேரத்துக்கு வருகிறதோ அந்த நேரத்துக்கு எழுந்து மோட்டார் போட்டிருப்பார். வாய்க்கால் பாசனம் என்றால் முறைத் தண்ணீருக்கு மண்வெட்டியோடு போயிருப்பார். அறுவடை முடிந்தால் களத்தில் நெல் கிடக்கும். கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிய நெல்லுக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுக்க வேண்டும். மழை வாசனை வந்தால் எழுந்து தார்ப்பாய் போட வேண்டும். நாலு பேர் படுத்திருந்தால் ஒருவர் விழித்திருப்பார், பீடிக்கங்கு தெரியும், ஏதாவது பேச்சு ஓடும், மறுபடி தூங்குவார்கள். நடுராத்திரியில் எழுவது அவருடைய தொழிலின் ஒரு பாகம். ஐம்பது வருஷம் உடம்பு கற்றுக்கொண்டதை ஐந்தாவது மாடிக்கு வந்த ஒரு வருஷத்தில் மறக்கச் சொல்கிறோம்.

இடம் மாறினால் தூக்கம் எப்படிக் கெடும் என்பதும் நன்றாகத் தெரிந்த விஷயம். பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1934-இல் ஆற்றிய ஓர் உரையில், நடப்பது, நீந்துவது போலவே தூங்குவதும் சமூகம் நமக்குக் கற்றுத் தருகிற உடல் பழக்கம் என்றார். போர் தனக்குக் கற்குவியல் மேலேகூடத் தூங்கக் கற்றுக் கொடுத்தது, ஆனால் படுக்கை மாறினால் மட்டும் கொஞ்ச நேரமாவது தூக்கம் வராது என்று தன்னைப் பற்றியே அதில் சொல்லியிருக்கிறார். 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புது இடத்தில் படுக்கும் முதல் இரவில் மூளையின் இடது பாதி ஆழ்ந்த தூக்கத்திலும் அரைக்காவலாக இருப்பதைக் கண்டார்கள். நமக்கு அது ஒரு ராத்திரி சமாச்சாரம். உங்கள் அப்பாவுக்கோ படுக்கை மட்டும் மாறவில்லை. காற்று, சத்தம், வாசனை, பக்கத்தில் மூச்சு விடுகிற மனுஷி, எல்லாம் சேர்ந்து மாறிவிட்டது.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கேதான் மனம் நிற்கிறது. 46 வருஷம் ஒரு மனுஷிக்குப் பக்கத்தில் படுத்தவர். அவள் புரண்டால் இவருக்குத் தெரியும், இவர் இருமினால் அவள் சொம்பில் தண்ணீர் நீட்டுவாள். ராத்திரி ஒன்றரைக்கு எழுந்தால் "மணி என்ன?" என்று கேட்க ஆள் இருந்தது. மதுரையில் தினமும் இரவு சொக்கநாதரின் பாதங்கள் பல்லக்கில் ஏறி மீனாட்சியின் பள்ளியறைக்குப் போகின்றன. சாமியைக்கூட நாம் தனியாகப் படுக்க விட்டதில்லை. காலையில் எழுப்புவதற்குப் பள்ளியெழுச்சி பாடுகிறோம். நம் மொழியிலும் அந்தக் கூட்டு இருக்கிறது. தூங்குதல் என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் தொங்குதல், அசைந்தாடுதல் என்று பொருள்; தூக்கணாங்குருவியின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தூளி ஞாபகம் வரும். தொங்குகிற சேலைக்குள் பிள்ளை, வெளியே ஆட்டுகிற ஒரு கை, தாலாட்டுகிற ஒரு குரல். பிறந்ததிலிருந்து நம்மைத் தூங்க வைக்க யாராவது பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். தனி அறை என்பதை நீங்கள் மரியாதையாகக் கொடுத்தீர்கள். எழுந்தால் யாரும் இல்லாத இடமாக அவருக்கு அது தோன்றியிருக்கலாம்.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். எதைச் செய்வதானாலும் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஹாலில், மதியம் அவர் தூங்கும் அதே இடத்தில், ராத்திரியும் படுக்க அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள். விருப்பம் என்றால் பாயும் ஒரு தலையணையும் போதும். முட்டி வலி இருந்து தரையிலிருந்து எழச் சிரமப்பட்டால் உயரம் குறைவான கயிற்றுக் கட்டில் அல்லது நாடாக் கட்டில் வாங்கிப் போடுங்கள். ஊரில் அவர் படுத்த கட்டில் இருந்தால் அதையே கொண்டு வருவது இன்னும் நல்லது. ஏசிக்குப் பதில் ஃபேனும் திறந்த ஜன்னலும். விருந்தாளி வந்தால் ஹாலில் பெரியவர் படுத்திருப்பது மரியாதையாக இருக்குமா என்று உங்களுக்குத் தயக்கம் வரலாம். அந்தத் தனி அறையையும் அவருக்கென்றே வைத்திருங்கள். எங்கே படுப்பது என்பதை அன்றன்றைக்கு அவரே முடிவு செய்யட்டும்.

உங்கள் மகனுக்குத் தாத்தா பக்கத்தில் படுக்க ஆசை இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அவனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு ஒன்பது மணி நேரமாவது தடையில்லாத தூக்கம் வேண்டும். வெள்ளி, சனி ராத்திரிகளில் மட்டும் படுக்கட்டும். தாத்தா எழுந்தாலும் அவன் எழவில்லை என்றால் மற்ற நாட்களைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது படுக்கிற நேரம். ஊரில் எட்டு மணிக்குப் படுத்தவர் என்று நீங்கள் சொல்லலாம். இங்கே எட்டு மணிக்கு அவர் படுப்பதற்குச் சாப்பாடு முடிந்ததும் செய்ய ஒன்றும் இல்லாததும் காரணமாக இருக்கலாம். நீங்கள் அடுப்படியில், மாப்பிள்ளை லேப்டாப்பில், பேரன் வீட்டுப்பாடத்தில். சாயங்காலம் ஐந்து மணி வெயிலில் அவரைக் கீழே அழைத்துப் போய் ஒரு மணி நேரம் இருக்க விடுங்கள். சாயங்கால வெளிச்சம் உடம்புக் கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளும். சாப்பிட்டதும் பேரனுக்குக் கதை சொல்வதோ, நாளைக்கு வேண்டிய கீரையை ஆய்வதோ, ஊருக்கு ஃபோன் போட்டுப் பேசுவதோ, ஏதாவது ஒன்று ஒன்பதரை வரை இருக்கட்டும். வாரத்துக்குக் கால் மணி நேரமாக நகர்த்தினால் போதும். ஒன்பதரைக்குப் படுத்தால் மூன்று மணிக்கு விழிப்பு வரும். மூன்று மணி என்பது அவருக்கு விடிகாலைதான். மதியத் தூக்கத்தில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். ராத்திரி சரியான பிறகு அரை மணி நேரமாகக் குறைக்கலாம்.

உங்கள் கணவருடைய தூக்கத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறரைக்குக் கிளம்புகிறவருக்கு ஒன்றரை மணிக்குக் கதவுச் சத்தம் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். அதற்கு அப்பாவை அறைக்குள் அடைக்க வேண்டியதில்லை. பால்கனிக் கதவின் கீலுக்கு எண்ணெய் விடுங்கள், ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். உங்கள் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். ஹாலிலிருந்து பாத்ரூம் வரை மங்கலான மஞ்சள் விளக்கு எரியட்டும். ட்யூப்லைட்டைப் போட்டால் அவருக்கும் விழிப்பு முற்றிவிடும். பாத்ரூம் தரை வழுக்காமல், கைப்பிடி வைத்து இருக்கட்டும். பால்கனிக் கைப்பிடிச் சுவர் போதுமான உயரம் இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். காபி மட்டும் ராத்திரியில் வேண்டாம். உடம்பில் போன காஃபினில் பாதி குறையவே பெரும்பாலானவர்களுக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். ஃபிளாஸ்க்கில் சூடான பாலோ வெந்நீரோ வைத்துவிடுங்கள். விழித்திருக்கும்போது கட்டிலில் புரண்டுகொண்டே இருக்க வேண்டாம், தூக்கம் கண்ணைச் சுற்றும்போது வந்து படுத்தால் போதும் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். மறுநாள் லீவாக இருக்கும் ஒரு சனிக்கிழமை ராத்திரி, பால்கனிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் நீங்களும் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஏன் தூங்கவில்லை என்று கேட்காதீர்கள். ஊரில் இந்த நேரத்துக்கு எழுந்தால் நீங்களும் அம்மாவும் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று ஒரு நோட்டில் குறித்து அதையும் சேர்த்து அனுப்புங்கள்.